அதிகம் பேசப்படாத படங்கள்: டிவிடியில் எதை வாங்கலாம், எப்படித் தேர்ந்தெடுக்கலாம்?

கரிசல்

இந்த இணையக் குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை படம் போடுகிறோம். ஒரு புரொஜக்டர், ஒரு டிவிடி பிளேயர், வெள்ளையடித்த சுவர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தறி ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் வருகிறார்கள். சிலர் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளையும் கூட்டிவருகிறார்கள். உலக சினிமா என்றதும் எல்லோர் வாயிலும் வரும் படங்களைப் போட்டு முடித்தாகிவிட்டது. இனி அதிகம் பேசப்படாத படங்களாக வேண்டும். குற்றம், திகில், குதிரைப் படம், அறிவியல் புனைவு, போர், நகைச்சுவை, ஆவணப்படம் என்று வகைக்கு ஒன்றாவது கிடைத்தால் நல்லது.

இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. ஆங்கில சப்டைட்டிலை ஓடும் வேகத்தில் படிக்கப் பாதிப் பேரால் முடியாது. கூடத்தில் இணைய இணைப்பும் கிடையாது, ஆகவே டிவிடிதான் வழி. வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம். ஏன் அந்தப் படம் என்று நாலு வரி சேர்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

நெய்தல்

குற்றப்படத்திலிருந்து தொடங்குகிறேன். ழாக் பெக்கர் இயக்கிய ‘லெ த்ரூ’, 1960, பிரெஞ்சு. 1947இல் பாரிஸ் நகரின் லா சாந்தே சிறையில் தப்பிப்பதற்காகத் துளை போட்ட கைதிகளின் உண்மைக் கதை. அவர்களில் ஒருவரான ழோசே ஜொவானி அதை நாவலாக எழுதினார். இன்னொருவரான ழான் கெரோதி படத்தில் நடிக்கவே செய்திருக்கிறார். படம் தொடங்கும்போது கார் ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து நம்மைப் பார்த்து, இது என் கதை என்று சொல்கிறாரே, அவர்தான்.

உங்கள் கூட்டத்துக்கு இந்தப் படம் பொருந்தும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், இதில் பேச்சைவிட வேலை அதிகம். கைகள்தான் கதை சொல்கின்றன. பல்துலக்கியின் முனையில் உடைந்த கண்ணாடித் துண்டைக் கட்டி, கதவின் சிறு துவாரம் வழியே நீட்டி, காவலர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கிறார்கள். மருந்துக் குப்பிகளைத் திருடி மணற்கடிகாரம் செய்கிறார்கள். கைதிகளுக்கு வந்த தின்பண்டப் பொட்டலங்களைக் காவலர் சோதிக்கும் காட்சி ஒன்று உண்டு. ஒரே கத்தியால் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டே போகிறார். ஒரு வசனமும் இல்லாமல் சிறை என்றால் என்ன என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

தரையை உடைக்கும் காட்சிக்கு வருகிறேன். மரப்பலகையைப் பெயர்த்துவிட்டுக் கீழே உள்ள கான்கிரீட்டைக் கட்டிலிலிருந்து கழற்றிய இரும்பால் இடிக்கிறார்கள். கேமரா கிட்டத்தட்ட நான்கு நிமிடம் அசையாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது, வெட்டே இல்லை. ஒருவர் களைத்ததும் அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார். தூசி கிளம்புகிறது, சில்லுகள் தெறிக்கின்றன, மெல்ல ஒரு குழி விழுகிறது. பின்னணி இசை கிடையாது. அந்த இடிச்சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பார்ப்பவரும் சேர்ந்து பயப்படுகிறார். முடிவை யாரும் உங்களுக்குச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். படம் திரைக்கு வருவதற்கு முன்பே பெக்கர் காலமாகிவிட்டார்.

பழைய புரொஜக்டர்

நெய்தல் சொன்ன படத்தில் எனக்கும் முழுச் சம்மதம். ஆனால் கரிசல் ஐயா, எந்தப் படம் என்று கேட்பதோடு எந்தத் தட்டு, அதாவது எந்த நிறுவனத்தின் டிவிடி, என்றும் கேட்டாக வேண்டும். பெரிய படங்களுக்கு எந்த நிறுவனம் வெளியிட்டாலும் ஓரளவு நல்ல பிரதி கிடைத்துவிடும். பெயர் தெரியாத படங்கள் அப்படியல்ல. மோசமான பிரதியில் பார்த்துவிட்டு, படமே மோசம் என்று தள்ளிவிடுகிறோம்.

உதாரணத்துக்கு எட்கர் உல்மர் இயக்கிய ‘டீட்டூர்’, 1945. ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் குற்றப்படம். நியூயார்க்கில் பியானோ வாசிக்கும் ஒருவன் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் காதலியைத் தேடி வழியில் போகும் கார்களில் தொற்றிக்கொண்டு கிளம்புகிறான். போகப்போக விதி அவன் கழுத்தை நெரிக்கிறது. கையில் காசில்லாமல் எடுத்த படம். நியூயார்க் தெரு என்று காட்ட செட் போட முடியாமல் பனிமூட்டத்தைப் பரப்பி ஒரு தெருவிளக்கை மட்டும் காட்டுகிறார்கள். பயணத் திசை சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சில ஷாட்டுகளை இடவலமாகத் திருப்பி அச்சிட்டார்கள். அதனால் அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்துவிட்டது. அமெரிக்கர்கள் இதைக் கண்டுபிடித்து ஆச்சரியமாக எழுதுவார்கள். நம் ஊர்க் காரில் ஸ்டியரிங் அங்கேதான் இருக்கிறது என்பதால் நம் கண்ணுக்கு அது உறுத்தவே உறுத்தாது.

இதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றாகிவிட்டது. அப்படி வந்த மலிவுத் தட்டுகளில் முகங்கள் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும், வசனம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப் போல் கேட்கும். 2019இல், பழைய நல்ல படங்களைத் தட்டுகளாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் மீட்டெடுத்த பிரதியை வெளியிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே படம் என்று நம்ப மாட்டீர்கள். ஒரே பெட்டியில் ஐம்பது படங்கள் என்று வரும் தொகுப்புகளை வாங்கவே வாங்காதீர்கள். ஒற்றை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. அதற்குள் எத்தனை படத்தைத் திணிக்கிறார்களோ அவ்வளவுக்குப் படத்தின் உயிர் போகும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை வேறு சில. உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்துத் தட்டு அந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி செய்திருக்கிறார்கள். இந்தியா ஐந்தாம் மண்டலம், அமெரிக்கா ஒன்று, ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டு. நம் ஊரில் விற்ற பிளேயர்கள் பல, எல்லா மண்டலத் தட்டுகளையும் ஓட்டும். கணினியில் போட்டால் மண்டலத்தை ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது. ஐரோப்பியத் தட்டின் உறையில் படத்தின் நீளம் குறைவாகப் போட்டிருந்தால் வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட படத்தை 25 ஆக ஓட்டுவதால் நூறு நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொன்று, பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறையச் சதுரம். புரொஜக்டரில் 4:3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமாக இழுத்துவிட்டால் எல்லோரும் குட்டையாகவும் பருமனாகவும் தெரிவார்கள். அந்தக் கொடுமையைப் பல திரையிடல்களில் பார்த்து நொந்திருக்கிறேன்.

வெண்திரை

இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. பதிப்புரிமை இல்லாத படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றிலும் இப்போது நல்ல பிரதிகள் வந்துவிட்டன. வெளிநாட்டுத் தட்டு ஒன்றின் விலையில் சந்தாச் சேவையில் சில மாதங்கள் படம் பார்க்கலாம். கடையில் கிடைக்காத பொருளைத் தேடி அலைவதைவிட, கூடத்துக்கு ஓர் இணைப்பு வாங்கிக்கொள்வது நல்லது அல்லவா? 2007இல் மோசர் பேர் நிறுவனம் டிவிடியை 34 ரூபாய்க்கும் விசிடியை 28 ரூபாய்க்கும் விற்ற காலம் வேறு. அப்போது தட்டு வாங்கியதில் நியாயம் இருந்தது.

கரிசல்

வெண்திரை, நீங்கள் சொல்வதில் கணக்கு சரிதான். ஆனால் கூட்டமாகப் பார்க்கும் இடத்தில் படம் நடுவில் சுழன்றுகொண்டு நின்றால் அன்றைய மாலையே கெட்டுவிடும். பிறகு ஒன்று: சந்தாச் சேவையில் இன்றைக்கு இருக்கும் படம் அடுத்த மாதம் இருக்காது. அடுத்த மாதம் இன்ன படம் என்று சுவரொட்டி எழுதி ஒட்டுகிறவர்கள் நாங்கள். கையில் தட்டு இருந்தால்தான் எழுத முடியும்.

முல்லைக்கொடி

நான் பள்ளி ஆசிரியை. குழந்தைகள் வருவதாகக் கரிசல் ஐயா எழுதியதைப் பார்த்ததும் இரண்டு படங்கள் நினைவுக்கு வந்தன.

ஒன்று, ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926இல் முடித்த ‘இளவரசன் அக்மதின் சாகசங்கள்’. நமக்கு இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுவே மிகப் பழையது. கறுப்பு அட்டையையும் ஈயத் தகட்டையும் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டு மூட்டாகக் கோத்து, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி மூன்று ஆண்டுகள் உழைத்திருக்கிறார். தோல்பாவைக் கூத்து பார்த்த கண்களுக்கு இது அந்நியமாக இருக்காது. விரல் நுனியின் அசைவைக் கவனியுங்கள். முகம் முழுக்கக் கறுப்பாக இருந்தும் வெட்கமும் கோபமும் அந்த விரல்களில் தெரியும். ஆயிரத்தோர் இரவுகளின் கதை. பறக்கும் குதிரை, மந்திரவாதி, அலாவுதீன் எல்லாம் உண்டு. ஒரு மணி நேரம் சொச்சம்தான். மௌனப் படம் என்பதால் இடையிடையே வரும் எழுத்துப் பலகைகளை ஒருவர் உரக்கத் தமிழில் சொன்னால் போதும். மௌனப் பட காலத்தில் நம் கொட்டகைகளிலும் அப்படித்தான் ஒருவர் நின்று கதை சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, நகைச்சுவை. டேவிட் லீன் என்றால் பாலைவனத்தையும் போர்க்களத்தையும் பிரம்மாண்டமாக எடுத்தவர் என்றே பேசுகிறோம். அவர் 1954இல் எடுத்த ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ ஒரு செருப்புக் கடைக்குள் நடக்கும் கதை. குடிகார அப்பா, மூன்று பெண்கள். முப்பது வயதான மூத்தவள் மேகிக்கு இனிக் கல்யாணம் ஏது, கடையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று அப்பா தீர்மானித்துவிடுகிறார். அவளோ நிலவறையில் உட்கார்ந்து பூட்ஸ் தைக்கும் கூச்ச சுபாவமுள்ள தொழிலாளியைத் தானே தேர்ந்தெடுத்து, நீதான் என் கணவன் என்று அறிவித்துவிடுகிறாள். பணக்கார வாடிக்கையாளர் ஒருவர் இந்த பூட்ஸைத் தைத்தது யார் என்று கேட்க, தரையில் உள்ள கதவைத் திறந்துகொண்டு அவன் தலை மேலே வரும் காட்சியில் அவனுடைய மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. அப்பாவாக வரும் சார்லஸ் லாட்டன் குடித்துவிட்டுத் தெருவில் தேங்கிய நீரில் தெரியும் நிலவை மிதிக்கப் பார்க்கும் காட்சியில் சப்டைட்டிலே தேவையில்லை. பெர்லின் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கக் கரடி வாங்கிய படம். நம் வீடுகளில் மூத்த பெண்களாகப் பிறந்த எத்தனையோ பேருக்கு மேகியை அடையாளம் தெரியும்.

நெய்தல்

முல்லைக்கொடி அம்மா லாட்டன் பெயரை எடுத்தது மிகவும் நல்லதாகப் போயிற்று. நான் சொல்ல நினைத்தது அதுதான். வகை வகையாகப் பிரித்துத் தேடாமல், பார்த்த படத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து நூல் பிடித்துப் போக வேண்டும். ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ வந்த அடுத்த ஆண்டே லாட்டன் ஒரு படத்தை இயக்கினார்: ‘தி நைட் ஆஃப் தி ஹன்டர்’, 1955. ஒளித்துவைத்த பணத்துக்காக இரண்டு குழந்தைகளைத் துரத்தும் போலிப் போதகனின் கதை. நிலவொளியில் படகு ஆற்றில் மிதந்து போக, கரையில் தவளையும் முயலும் சிலந்தி வலையும் பெரிதாகத் தெரிய, குழந்தைகள் உறங்கிக்கொண்டே போகும் காட்சிக்கு ஈடாக நான் அதிகம் பார்த்ததில்லை. படம் அப்போது ஓடவில்லை. லாட்டன் அதற்குப் பிறகு எதையும் இயக்கவில்லை. இன்று விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றாலும் நம் ஊர்த் திரையிடல்களில் பெயரே அடிபடுவதில்லை. சிறு குழந்தைகள் வரும் மாலையில் போட வேண்டாம்.

வெண்திரைக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. கிரைட்டீரியன் 2010இல் வெளியிட்ட தொகுப்பில், படப்பிடிப்பில் மிஞ்சிய காட்சிகளைக் கோத்து இரண்டரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒரு தனிப் படம் சேர்த்திருக்கிறார்கள். லாட்டன் கேமராவை நிறுத்தாமல் ஓடவிட்டு, பக்கத்திலிருந்து நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பதை அப்படியே கேட்கலாம். நடிகர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இப்படிப்பட்ட இணைப்புகளுக்காகவே தட்டு வாங்கலாம்.

‘லெ த்ரூ’விலிருந்தும் நூல் பிடிக்கலாம். அதை ஒளிப்பதிவு செய்த கிஸ்லேன் க்ளோக்கே அதே 1960இல் ‘கிளாஸ் தூ ரிஸ்க்’ என்ற படத்துக்கும் கேமரா பிடித்தார். அதுவும் ஜொவானியின் நாவல்தான். இயக்கியவர் கிளாத் சொத்தே. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போலீசிடமிருந்து ஓடும் ஒரு குற்றவாளி. புகழ்பெற்ற ‘பிரெத்லெஸ்’ வந்த அதே ஆண்டில், அதன் நாயகன் பெல்மொந்தோவே நடித்தும், அந்தப் படத்தின் சத்தத்தில் இது அமுங்கிப்போயிற்று. எனக்கு இதுதான் மேல்.

கீழவீதி

குதிரைப் படத்துக்கு யாரும் வரவில்லையே என்று பார்த்தேன். ஜெய்சங்கர் நடித்து கர்ணன் இயக்கிய குதிரைப் படங்களைக் கொட்டகையில் பார்த்த தலைமுறை நான். பட் பெட்டிகர் இயக்கி ராண்டால்ஃப் ஸ்காட் நடித்த படங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதுவும் எண்பது நிமிடத்தைத் தாண்டாது. 2008இல் அவற்றில் ஐந்து ஒரே பெட்டியாக வந்தன. அதில் ‘ரைட் லோன்சம்’, 1959, 73 நிமிடம், அகலத் திரை.

ஆனால் முதலில் போட வேண்டியது தனித் தட்டாக வந்த ‘செவன் மென் ஃப்ரம் நவ்’, 1956. ஜான் வேயினின் நிறுவனம் தயாரித்தது, நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது, 2000இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் மீட்டெடுத்தது. மழை பெய்கிறது. கூண்டு வண்டிக்குள் நான்கு பேர் காப்பி குடிக்கிறார்கள். வில்லனான லீ மார்வின், முன்பு எங்கேயோ நடந்ததாக ஒரு கதை சொல்கிறான். சாதுவான ஒரு கணவன், அழகான மனைவி, வழியில் வந்த ஓர் ஆள். எதிரே உட்கார்ந்திருக்கும் கணவன் மனைவியைத்தான் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கி யாரும் எடுக்கவில்லை. அந்த இடத்தில் மூச்சு விட முடியாது.

பனங்கூடல்

பேச்சே இல்லாத படம் ஒன்று சொல்லட்டுமா? ஜப்பானின் கானேட்டோ ஷிண்டோ 1960இல் எடுத்த ‘நிர்வாணத் தீவு’. பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், மரம் செடி அதிகமில்லாத மொட்டைத் தீவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒரு குடும்பம் மட்டுமே வாழும் சின்னஞ்சிறு தீவு. குடிக்கவும் பயிருக்கும் தண்ணீர் கிடையாது. கணவனும் மனைவியும் படகில் எதிர்க்கரைக்குப் போய், தோளில் காவடித்தண்டு வைத்து இரண்டு பக்கமும் வாளி தொங்க, செங்குத்தான மேட்டில் ஏறி, ஒவ்வொரு செடிக்காக அகப்பையால் ஊற்றுகிறார்கள். மண் அதைக் குடித்துவிடுகிறது. மறுபடி படகு. இதுதான் படம். ஒரு கட்டத்தில் மனைவி கால் இடறி ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறாள். அப்போது கணவன் செய்வதும், அதன் பிறகு இருவரும் ஒன்றுமே பேசாமல் வேலைக்குத் திரும்புவதும் எனக்கு மறக்கவில்லை. எங்கள் தீவுப்பகுதியில் குடிநீருக்குக் குடம் தூக்கிய பெண்கள் யாரும் இதைப் பார்த்தால் ஒரு வசனமும் கேட்க மாட்டார்கள். ஷிண்டோவின் சிறு நிறுவனம் மூடப்படும் நிலையில் இருந்தபோது எடுத்த படம். 1961இல் மாஸ்கோ விழாவின் பெரும் பரிசை வாங்கி நிறுவனத்தைக் காப்பாற்றியது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம் ‘பொன்மணி’, 1977. நல்ல தட்டு யாரிடமாவது இருக்கிறதா?

பழைய புரொஜக்டர்

‘பொன்மணி’ என்னிடம் இல்லை. யாரிடமாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். நம் படங்களின் நிலைமை இதுதான். ‘வீடு’ படத்தின் நெகடிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திரா தாமே வேதனையோடு சொல்லியிருக்கிறார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே அந்தக் கதி. ஹரிஹரன் இயக்கிய ‘ஏழாவது மனிதன்’, 1982, ரகுவரன் நாயகனாக நடித்த முதல் படம், பாரதி பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் இசை. ‘காக்கைச் சிறகினிலே’ பாட்டு எல்லோருக்கும் தெரியும், படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பழைய தட்டு எங்கே கண்ணில் பட்டாலும் விலை பேசாமல் வாங்கி வையுங்கள்.

திகிலுக்கு ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’, 1962. ஹெர்க் ஹார்வி கான்சாஸ் மாநிலத்தில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் விளக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து நின்ற கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்து, விடுப்புப் போட்டுவிட்டு வந்து எடுத்த ஒரே கதைப்படம். விபத்திலிருந்து பிழைத்து வரும் ஆர்கன் வாசிக்கும் பெண்ணை வெளிறிய முகம் ஒன்று தொடர்கிறது. அந்த முகமாக வருபவரும் ஹார்விதான். ரத்தம் கிடையாது. திடீரென்று அவளைச் சுற்றியுள்ள உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுபோகும் இடத்தில் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள். ‘டீட்டூர்’ படத்துக்குச் சொன்னதேதான் இதற்கும்: உரிமையற்ற படம், மட்டமான தட்டுகள் ஏராளம்.

அறிவியல் புனைவில் செக் நாட்டின் ‘இக்காரியே எக்ஸ்பி 1’, 1963. ஸ்தனிஸ்லாவ் லெம் நாவலைத் தழுவியது. 2163இல் ஆல்ஃபா சென்டாரி விண்மீனை நோக்கிப் போகும் விண்கலத்தில் மனிதர்கள் நடனமாடுகிறார்கள், பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள், ஒரு குழந்தை பிறக்கக் காத்திருக்கிறார்கள். வழியில் இருபதாம் நூற்றாண்டின் கைவிடப்பட்ட கலம் ஒன்று எதிர்ப்படுகிறது. அதற்குள் அவர்கள் காண்பதுதான் படத்தின் நெஞ்சு. அமெரிக்காவில் இதை வெட்டி, ஆங்கிலத்தில் டப் செய்து, முடிவையும் மாற்றி வேறு பெயரில் விட்டார்கள். செக் மொழியில் உள்ள முழுப் பிரதியை லண்டனின் செகண்ட் ரன் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. அதை மட்டும் வாங்குங்கள்.

வெண்திரை

நல்ல படங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன, சந்தோஷம். போருக்கு என் பங்காக ஒன்று: லரிசா ஷெபித்கோ இயக்கிய ‘ஏற்றம்’, 1977. பனியில் ஜெர்மானியரிடம் சிக்கும் இரண்டு சோவியத் கெரில்லாக்கள். பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. இரண்டே ஆண்டில் இயக்குநர் கார் விபத்தில் இறந்துபோனார். மனத்தை உலுக்கும் படம். தட்டு இல்லாவிட்டாலும் எப்படியாவது பாருங்கள் என்பேன்.

முல்லைக்கொடி

‘ஏற்றம்’ மகத்தான படம்தான், ஆனால் அதில் வரும் தூக்குமேடைக் காட்சியைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்ட என்னால் முடியாது. கரிசல் ஐயா கூடத்துக்கு கிரிகோரி சுக்ராய் இயக்கிய ‘ஒரு படைவீரனின் கதைப்பாடல்’, 1959, பொருத்தம். பத்தொன்பது வயதுப் பையன் இரண்டு டாங்கிகளை முறியடித்துவிட்டு, பதக்கத்துக்குப் பதிலாக அம்மாவைப் பார்க்க விடுப்புக் கேட்கிறான். கூரை ஒழுகுகிறதாம், போய்ச் சரிசெய்ய வேண்டும். போக இரண்டு நாள், கூரைக்கு இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். வழியில் ஒரு படைவீரர் தன் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி இரண்டு சோப்புக் கட்டிகளைத் தருகிறார். போர்க்காலத்தில் அது பெரிய சொத்து. அந்தச் சோப்பு கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். சுக்ராய் தாமே அந்தப் போரில் காயம்பட்டவர். பனங்கூடல் சொன்ன 1961 மாஸ்கோ பரிசை ஷிண்டோவோடு பகிர்ந்துகொண்டவரும் இந்தச் சுக்ராய்தான், வேறொரு படத்துக்காக. நெய்தல் சொன்ன நூல் இங்கேயும் ஓடுகிறது பாருங்கள்.

கரிசல்

நினைத்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது. ‘நிர்வாணத் தீவு’, ‘லெ த்ரூ’, ‘படைவீரனின் கதைப்பாடல்’ மூன்றையும் முதலில் வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம். ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ பொங்கல் மாதத்துக்கு. சப்டைட்டில் தேவைப்படும் படங்களுக்கு முன்கூட்டியே கதைச் சுருக்கம் ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுக்கப்போகிறோம், முடிவைச் சொல்லாமல். ஆவணப்படம் ஒன்றுதான் பாக்கி.

நெய்தல்

அதற்காகத்தான் காத்திருந்தேன். பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் எடுத்த ‘பேண்டம் இந்தியா’, 1969. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். மால் எடுத்த ஆவணப்படங்களின் டிவிடி பெட்டியில் இருக்கிறது. 1968இல் மால் இரண்டே பேரைக் கூட்டிக்கொண்டு இந்தியா முழுக்கச் சுற்றினார். ஒலிக்கு ஒருவர், கேமராவுக்கு ஒருவர். கேமரா பிடித்த எத்தியென் பெக்கர், ‘லெ த்ரூ’ எடுத்த ழாக் பெக்கரின் மகன்.

இரண்டாம் பகுதியின் பெயரே ‘சென்னையில் கண்டவை’. தேர்த் திருவிழாக் கூட்டம் வடம் பிடிப்பதைக் கேமரா கூட்டத்துக்குள்ளேயே நின்று பார்க்கிறது. கலாக்ஷேத்திராவில் மாணவிகள் அடவு பழகுவதை அவசரமில்லாமல் காட்டுகிறது. அறுபதுகளின் சென்னை மனிதர்களை இவ்வளவு பக்கத்தில், வண்ணத்தில், அலங்காரம் இல்லாமல் பார்ப்பது அரிது. கூடத்தில் உள்ள மூத்தவர்களுக்குப் பேச எவ்வளவோ கிடைக்கும்.

கீழவீதி

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு மனக்குறை உண்டு. வறுமையையே திரும்பத் திரும்பத் தேடிப்போகிறது. 1970இல் பிபிசி அதை ஒளிபரப்பியபோது இந்திய அரசு கொதித்துப்போய், பிபிசியின் டெல்லி அலுவலகமே மூடப்பட்டது. அரசு செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. போடுவதானால் படத்துக்குப் பிறகு அரைமணி நேரமாவது விவாதத்துக்கு ஒதுக்குங்கள்.

நெய்தல்

விவாதம் கட்டாயம் வேண்டும், கீழவீதி அண்ணா. அதனால்தான் சென்னைப் பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் போட வேண்டாம் என்கிறேன். முதல் பகுதியில் மால் தாம் ஒரு வெளியாள் என்பதையும், தம் கேமரா எங்கே போனாலும் மக்கள் அதைத் திரும்பி முறைப்பதையும் மறைக்காமல் காட்டுகிறார். வயலில் களை பறிக்கும் பெண்கள் அவரைப் பார்க்கும் பார்வையை அப்படியே வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு தேர்த் திருவிழாவுக்கு வந்தால், கூட்டம் அவரை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பீர்கள். இரண்டு பகுதிகளும் சேர்ந்து நூறு நிமிடம் சொச்சம், ஒரு மாலைக்குச் சரியாக இருக்கும். வர்ணனை மாலின் குரலில் வருகிறது, கொஞ்சம் நீளமாகவே பேசுகிறார். அதைத் தமிழில் எழுதித் தர நானும் முல்லைக்கொடி அம்மாவும் தயார். ஒருவர் ஒலிவாங்கியில் வாசித்தால் போதும். பெட்டி உங்கள் கைக்கு வந்ததும் இங்கே சொல்லுங்கள், பகுதி பகுதியாக அனுப்புகிறோம்.